ஹென்ரிக்... ஆஃப்லைன்!

செல்போன் அலறியது.

ஃபெபா எடுக்கவில்லை.

அவள் கண்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே குத்திட்டு நின்றன. 'ஹென்ரிக் டைப் செய்கிறார்...' என்று ஒரு நொடி முன்பு வரை காட்டிய வரி சட்டென்று மறைந்தது. பெயர் சாம்பல் நிறமானது.

ஆஃப்லைன்!

மணி பார்த்தாள். சரியாக மதியம் இரண்டு.

நேற்றும் இரண்டு மணிக்குத்தான் போனான். முந்தாநாளும்!

செல்போன் மறுபடி அலறியது. எட்சன். இன்னும் மூன்று வாரத்தில் அவள் கழுத்தில் தாலி கட்டப்போகிறவன்.

"என்ன பண்ற நீ? ரெண்டு தடவ அடிக்கறேன்!"

"ஹென்ரிக் கூட பேசிட்டிருந்தேன்."

"காசு போட்டாச்சுன்னு மெயில் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. மூணு லட்சத்த நார்வேலருந்து ஏதோ ஒரு கம்பெனில கட்டி வெச்சிருக்காராம். கடிகாரம் அவரு கைக்குப் போனதும் நமக்குத் தருவாங்களாம்."

"அப்புறம் என்ன? நாளைக்கு பொட்டிய எங்கிட்ட குடு. அத்திபெலேல அவரோட ஏஜென்ட் இருக்கான்ல... நானே போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"ஆன்லைன் ஏலம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கு எட்சன். ஜப்பான்காரரு ரெண்டே கால் லட்சத்துல நிக்கறாரு. சைட்டுக்கு வெளிய விக்கறது தப்பில்லியா?"

"நீ ஒருத்தி! வெள்ளக்காரன் ஏமாத்துவானா? நம்மாளுங்கதான் அதெல்லாம் பண்ணுவாங்க!"

வைத்துவிட்டான்.

மேஜைமேல் அந்தக் கப்பல் கடிகாரம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சூளகிரி காயலான் கடையில், துருப்பிடித்த பைப்புகளுக்கு நடுவே கிடந்தது. எந்தக் கடலில் யாருக்கு நேரம் சொன்னதோ! பத்து மாதம்... ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு பல்சக்கரமாகக் கழற்றித் துடைத்து உயிர் கொடுத்தாள். இது நல்லபடியாக விற்றால் ஓசூர் பஜாரில் சொந்தக் கடிகாரக் கடை.

ஏமாந்தால்... ஆயுசுக்கும் கன்வேயர் பெல்ட்!

பழைய சாட்டுகளைத் திரையில் ஓட்டினாள்.

ஆகஸ்ட் மாதம் முழுக்க ஹென்ரிக் பன்னிரண்டு மணிக்கு மறைந்து இரண்டு மணிக்கு வந்திருந்தான். செப்டம்பர் ஒன்றிலிருந்து... இரண்டுக்கு மறைந்து நாலுக்கு வருகிறான்!

தினமும் சரியாக இரண்டு மணி நேரம்!

தெரிந்த லைன்மேன் கரியப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, போன மாசம் பன்னண்டுலருந்து ரெண்டு, இந்த மாசம் ரெண்டுலருந்து நாலு... எந்த ஏரியால கரண்ட் கட்டு?"

"பாகலூர் லைன்மா. ஏன்?"

"நார்வேல கூட அதே டைம்லதான் போவுதுண்ணே."

"அங்கியுமா? அப்ப இனிமே எங்கள மட்டும் திட்டாதீங்க!"

ஃபெபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாகலூரில் அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான்.

எட்சனின் வீடு!

ஆனால் எட்சன் பகலெல்லாம் ஃபேக்டரியில் இருப்பவன். அங்கே கம்ப்யூட்டரைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

அப்படியென்றால்... யார்?

*

மறுநாள். மூன்று ஐம்பது.

பாகலூர் வீட்டுக் கதவைத் திறந்தாள் சூசைமேரி. எட்சனின் அம்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவள்.

"வா கண்ணு! இந்த வெயில்ல எதுக்கு வந்த? கரண்ட்டு வேற இல்ல."

"எட்சன்கிட்ட பொட்டியக் குடுக்கலாம்னு வந்தேன் அத்தை."

சூசைமேரியின் பார்வை அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டிமேல் ஒரு நொடி கூடுதலாகத் தங்கியது.

"நாலு மணிக்கு வந்துருவான். பர்மிஷன் போட்ருக்கான். உக்காரு." பழைய நோட்டுப் புத்தகத்தால் அவளுக்கு விசிறினாள். "உன்னைய மருமகளாவா நெனைக்கறேன்? எம் பொண்ணு நீ!"

மணி நான்கு.

தலைக்கு மேல் ஃபேன் சுழன்றது. மூலையில் இருந்த கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்றது. திரை வெளுத்தது... நீலமானது...

டிங்!

'ஹென்ரிக், நல்வரவு!'

விசிறிய கை அந்தரத்தில் நின்றது.

"நார்வேல இப்ப மணி என்ன அத்தை?"

சூசைமேரியின் முகத்திலிருந்து சிரிப்பு உதிர்ந்தது. உள்ளே வேறொரு முகம் இருந்தது.

"கண்டுபுடிச்சிட்ட. சரி, கேட்டுக்கோ. வரதட்சணை வேணாம்னு சொன்னோம். சர்ச்சுல எல்லாரும் எங்கள எவ்ளோ பெருமையாப் பேசுனாங்க! அதுக்காகச் சும்மா விட்ருவமா? பெங்களூர்ல ஒருத்தன் இதுக்கு அஞ்சு லட்சம் தரேங்கறான்."

"கேட்ருந்தா நானே குடுத்திருப்பனே அத்தை..."

"கேட்டா எங்க பேரு கெட்ருமே!"

கடலோரம் சிவப்பு மரவீடு... வாசலில் கட்டிய படகு... ஹென்ரிக் எழுதியதையெல்லாம் ஃபெபா கனவில்கூடப் பார்த்திருந்தாள். எல்லாம் இந்த ஹாலில், இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டவை!

வாசலில் பைக் நின்றது. எட்சன் உள்ளே வந்தான்.

ஃபெபா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லு எட்சன்! ஒரே ஒரு வார்த்த... நம்பிடறேன்!"

அவன் திரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையை.

"அம்மாக்கு... டைப்பிங் மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஃபெபாவின் விரல்கள் அவன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விலகின.

"நிக்கறியே, கதவச் சாத்துடா!" சூசைமேரி அதட்டினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. எட்சன் திரும்பினான்.

"பொட்டிய வெச்சிட்டுப் போ ஃபெபா. கல்யாணத்துக்கப்புறம் எப்படியும் எங்களதுதான? பிரச்சன பண்ணாத."

"எடுத்துக்கோ."

எட்சன் பாய்ந்து பெட்டியைக் கிழித்தான். உள்ளே...

கல்யாணப் பத்திரிகைகள்! கட்டுக் கட்டாக... அவன் பெயரும் அவள் பெயரும் பொறித்த ஐந்நூறு பத்திரிகைகள்!

"கடிகாரம் எங்கடி?"

"நேத்தே ஏலத்த முடிச்சு ஜப்பான்காரருக்கே வித்துட்டேன். அவரும் காசு கட்டிட்டாரு. காலைல பார்சல் போயாச்சு."

வாசலில் ஒரு ஜீப் உறுமி நின்றது. பூட்ஸ் சத்தம்!

"ஹென்ரிக் அனுப்புன மெயில் எல்லாத்தையும் ஸ்டேஷன்ல குடுத்தேன் அத்தை. அவர நேர்ல பாக்கணும்னு எஸ்.ஐ. ரொம்ப ஆசப்பட்டாரு."

சூசைமேரி நாற்காலியில் சரிந்தாள்.

"அடிப்பாவி... எம் பையன் வாழ்க்கையே போச்சே! இனிமே இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

ஃபெபா கண்களைத் துடைத்துக்கொண்டாள். தாழ்ப்பாளை விலக்கிவிட்டுத் திரும்பினாள்.

"ஆன்லைன்ல ஏலத்துக்கு விடுங்க அத்தை. வெளிநாட்டுலருந்து யாராச்சும் கேப்பாங்க. ஆனா, 'தானா ஓடாது, அம்மா சாவி குடுத்தாத்தான் ஓடும்'னு கீழ மறக்காம எழுதிடுங்க!"