பையில் இரண்டாவது தையல்

சுலோஜனா களுவாஞ்சிக்குடிக்கு வந்து ஓட்டோவை விட்டு இறங்கியபோது, அவள் கையில் தலை தொங்கியபடி ஒரு நாய் கிடந்தது. செட்டிபாளையத்தில் அவள் நடத்தும் தெருநாய்க் காப்பகத்தில் இரண்டு மாதத்துக்குள் மூன்று நாய்கள் செத்துப்போயிருந்தன. இது நான்காவது.

“நஞ்சுதான் டொக்டர். பக்கத்து வளவு அழகரத்தினம் அண்ணன்ட வேலை,” என்றாள். “நாய் கருவாட்ட இழுத்தெண்டு என்னோட சண்டை பிடிச்சவர். ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். நாளைக்குப் பொலிசுக்குப் போறன்.”

மிருக வைத்தியர் வதனி நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். “இடையில ஒருக்காலும் சுகமாகல்லையா?”

“சித்திரை வருசப்பிறப்புக் கிழமை மட்டும் எல்லாம் நல்லாத் திண்டுதுகள். சத்தி எடுக்கவும் இல்ல. அந்தக் கிழமை அழகரத்தினம் அண்ணன் கல்குடாவுல, மகள்ர வீட்ட. வேற என்ன சாட்சி வேணும்?”

“எலி மருந்துதான் வச்சிருப்பார்,” என்றார் விஜிதரன். பன்னிரண்டு வருடமாக வதனியிடம் மருந்து கலக்கிக் கொடுப்பவர். எதையும் முதல் ஆளாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு எப்போதும் உண்டு.

“எலி மருந்தெண்டா பெரும்பாலும் இரத்தம் கசியும். இங்க ஈறு மஞ்சளாக் கிடக்கு. ஈரல் கொஞ்சம் கொஞ்சமாப் பழுதாகியிருக்கு. இது ஒருநாள் வேலையில்ல, தினமும் திண்ட ஏதோ ஒண்டு.” வதனி நாய்க்குச் சேலைன் ஏற்றிவிட்டுக் கைகழுவினார். “சாப்பாட்டப் பாப்பம்.”

காப்பகத்தின் களஞ்சிய அறையில் வாய் பிரிக்காத நாய்ச் சாப்பாட்டுப் பை ஒன்று இருந்தது. முந்தைய நாள்தான் பராமரிப்பாளர் ரதீஸ் அதைக் கடையிலிருந்து ஏற்றி வந்திருந்தான். வதனி லேபலை வாசித்தார்.

“எது கூடுதலோ அதைத்தான் முதல்ல எழுதுவாங்க. இதுல முதலாவது கோழி இறைச்சி மா. அதுக்கு மறுகா அரிசி, கோழிக் கொழுப்பு. சோளன் எண்ட சொல்லே இல்ல. நிறமூட்டியும் சேர்க்கல்லையாம். நல்ல சாப்பாடுதான்.”

பையை வெட்டினார். சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டுகள் கொட்டின. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டதும் சாயம் கரைந்தது. சோளன் தோல் மேலே மிதந்தது. இன்னொரு துண்டைக் கடதாசியில் தேய்த்தார். எண்ணெய் ஒட்டவில்லை, தூள்தான் உதிர்ந்தது. உடைத்த துண்டுக்குள் சாம்பல் பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

“கடைக்காரன் ஷிஹான் ஏமாத்திப்போட்டான்!” என்றார் விஜிதரன்.

வதனி பையின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தையல் ஓடிய துளைகளுக்குக் கீழே, நூல் இல்லாத இன்னொரு துளை வரிசை இருந்தது. பிறகு, குட்டிகள் படுக்க விரித்திருந்த பழைய பைகளை எடுத்துவரச் சொன்னார். பை பிரித்த திகதியை சுலோஜனா ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தாள். ஏழு பைகளில் ஆறில் இரண்டு வரிசைத் துளை. ஒன்றில் மட்டும் ஒரே வரிசை. அதில் ‘ஏப்ரல் 12’ என்றிருந்தது.

ஷிஹானின் கடையில் அதே ரகப் பையொன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே வரிசைத் தையல். உள்ளே எல்லாம் ஒரே மண்ணிறத் துண்டுகள். கடதாசியில் தேய்த்தபோது எண்ணெய்க் கறை பிடித்தது.

“ஏப்ரல் பன்னிரண்டாம் திகதிப் பையை ஆர் கொண்டுபோனது?” என்று கேட்டார் வதனி.

“நான்தான் மிஸ்,” என்றார் ஷிஹான். “ரதீஸ் வருசப்பிறப்புக்கு ஊருக்குப் போயிட்டாரு. மத்த நேரமெல்லாம் அவருதான் ஏத்திட்டுப் போறவரு.”

பின்னேரம் காப்பகத்து முற்றத்தில் ஷிஹானும் ரதீஸும் அழகரத்தினமும் நின்றார்கள். அழகரத்தினம் சுலோஜனாவின் பக்கம் திரும்பவே இல்லை.

“நாய்கள் நல்லா இருந்த கிழமை ரெண்டு பேர் ஊரில இல்ல,” என்று வதனி தொடங்கினார். “அழகரத்தினம் அண்ணன் ஒராள், ரதீஸ் ஒராள். ஆனா நஞ்சு கிடந்தது சாப்பாட்டுக்குள்ள. அது பைக்குள்ள, பை தைச்சபடி. கடையில இருக்கிற பை திருப்பித் தைக்கப்படல்ல. ஷிஹான் கையால வந்த பையும் அப்பிடித்தான். ரதீஸ் கொண்டுவந்ததுகளில மட்டும்தான் ரெண்டாவது தையல். அப்ப, கடைக்கும் காப்பகத்துக்கும் இடையிலதான் சாப்பாடு மாறியிருக்கு.”

ரதீஸ் நிலத்தைப் பார்த்தான். நல்ல சாப்பாட்டைச் சாதி நாய் வளர்க்கும் ஒருவருக்கு விற்றதையும், வெள்ளத்தில் நனைந்ததால் கழித்துப்போட்ட மலிவுச் சாப்பாட்டைக் காயவைத்து நிரப்பியதையும் ஒத்துக்கொண்டான். “தெருநாய்தானே, எதத் திண்டாலும் தாங்கும் எண்டு நினைச்சன்,” என்றான்.

சுலோஜனா அவனை அறையக் கை ஓங்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். அன்றே அவன் வேலையை விட்டு அனுப்பப்பட்டான், பொலிசில் முறைப்பாடும் போனது. மாதிரியைப் பரிசோதித்த ஆய்வுகூடம், பூஞ்சண நஞ்சு இருப்பதை இரண்டு கிழமையில் உறுதிசெய்தது. நான்காவது நாய் அதற்குள் எழுந்து நடந்தது.

அறிக்கை வந்த அன்று சுலோஜனா பக்கத்து வளவுக்குப் போனாள். அழகரத்தினம் மீன் பிளந்துகொண்டிருந்தார்.

“அண்ணன், நான் பெரிய பிழை விட்டுட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

அவர் கத்தியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். “என்னட்டச் சொல்லி என்ன புள்ள? ரெண்டு மாசமா என்ட கருவாட்ட ஒருத்தரும் வாங்கல்ல. நீ ஊருக்கெல்லோ சொன்னாய்.”

சுலோஜனா வீட்டுக்குத் திரும்பவில்லை. எதிர்வீட்டிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டிச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று நாள் எடுத்தது.