நாலு நொடிக் கண்ணாடி

கம்ப்யூட்டரைப் போட்டதும் வந்த படத்தில் சிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

சிட்டுவின் அம்மாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. சாயங்காலத்திலிருந்து மழை, கரண்ட் வருவதும் போவதுமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் அடித்ததில் பாதி காணாமல் போகிற எரிச்சலில் இருப்பவளுக்கு, படத்தில் பிள்ளை எந்தப் பக்கம் படுத்திருந்தால் என்ன? விண்டோஸ் வந்தது, படம் போனது. அதன் பிறகுதான், படத்தில் அவள் இந்தப் பக்கம் பார்த்தல்லவா படுத்திருப்பாள் என்று உறைத்தது.

அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தவன் கொழுந்தன். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன், காதில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டு திரிவதால் வீட்டில் அவனுக்குப் பெயரே திருப்புளி. புருஷன் கப்பல் வேலையில் இருக்க, ஒற்றை அறை வீட்டில் அவளும் நாலு வயது மகளும்தான். மேசைக்கு அந்தப் பக்கம் சுவரோரமாகப் பிள்ளையின் கட்டில், நடுவில் மலை மாதிரி மானிட்டர். எட்டி எட்டிப் பார்த்தே அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. திருப்புளி ஒருநாள் மானிட்டரை நகர்த்திவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தூங்கும் சிட்டுவைப் படமெடுத்து, மிஷினைப் போட்டதும் வருமே கம்பெனி லோகோ, அதற்குப் பதிலாக வைத்துவிட்டான். சுவிட்சைப் போட்டால் திரையே கண்ணாடியாகி அந்தப் பக்கத்துக் கட்டில் தெரிவது போலிருக்கும். நாலு நொடிதான். சிவப்புக் கவுன், கன்னத்துக்கு அடியில் ஒரு கை, போர்வைக்கு வெளியே ஒரு பாதம். உள்ளே போர்டில் இருக்கும் சிப்பில் எழுதிய படம், யாராவது கைவைத்தால் ஒழிய மாறாது என்று அன்றைக்கே பீற்றிக்கொண்டான்.

எழுந்து எட்டிப் பார்த்தாள். மத்தியானம் காய்ச்சல் மருந்து குடித்துவிட்டுப் படுத்த பிள்ளை, பழைய படத்தில் இருந்த மாதிரியே கன்னத்துக்கு அடியில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. தூக்கம் கெட்டால் கண் இப்படித்தான் பொய் சொல்லும் என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுபடி கரண்ட் போனது. இருட்டில் ஈரச் சுவரின் வாடையும் மருந்தின் இனிப்பு வாடையும் கலந்து வந்தன. ஜன்னல் தகரத்தில் மழை தட்டும் சத்தத்துக்கு நடுவே, சளி கட்டிய பிள்ளையின் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டது. ஆனால் கட்டில் பக்கமிருந்து கேட்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே, மிக அருகில் கேட்டது.

கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டாள்.

படத்தில் சிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கவுன். வியர்வையில் நனைந்ததைக் கழற்றிவிட்டு இன்று மத்தியானம் அவளே மாட்டிவிட்ட பச்சைக் கவுன்.

கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். திருப்புளி முதலில் சிரித்தான். அப்புறம் அவள் குரலைக் கேட்டு அடங்கினான். படம் மாற வழியே இல்லை, அண்ணன் ஊரில் இல்லாமல் நீங்கள் ராப்பகலாக உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றான். அவள் விடவில்லை. அழிக்க எதையெதை அழுத்த வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"ஒரு தடவ அழிச்சா அவ்ளோதான் அண்ணி. என்கிட்ட காப்பி கூட இல்ல. பரவால்லயா?"

"போனா போகட்டும் தம்பி. எனக்கு அது வேணாம்."

அழிக்கவும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். செய்தாள். படத்தில் கட்டில் காலியாக இருந்தது. திரையை ஒட்டிக்கொண்டு சிட்டுவின் முகம். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. வாய் திறந்து மூடியது. சத்தமில்லை. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பழைய லோகோவுக்கு மாற்றவா என்று கேட்டது. ஆம். மிஷின் அணைந்து எழுந்தது. கறுப்புத் திரை, நடுவில் கம்பெனி லோகோ.

போன உயிர் திரும்பியது போலிருந்தது. அடுத்த வேளை மருந்தை ஊற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

கன்னத்துக்கு அடியில் கை. போர்வைக்கு வெளியே பாதம். கொஞ்சமும் அசையவில்லை.

சிவப்புக் கவுன்.

அந்தக் கவுன் போன மாதமே கிழிந்து அடுப்படியில் கரித்துணியாகிவிட்டது.

"சிட்டு..."

பாதத்தைத் தொட்டாள். வழவழவென்றிருந்தது. சில்லென்றிருந்தது. மூச்சு இல்லை.

மேசைக்கு ஓடினாள். ரீஸ்டார்ட். லோகோ. மறுபடி. லோகோ. மேசைமேல் கிடந்த போனில் திருப்புளி அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளுக்குக் கேட்கவில்லை. தானே அழித்தாள், தன் கையாலேயே அழித்தாள்.

மறுபடி. லோகோவுக்குக் கீழே, கறுப்பில், என்னவோ வெளுத்தது. குழந்தை வாய் வைத்து ஊதினால் கண்ணாடியில் படியுமே, அந்த மாதிரி ஆவி. துடைத்தாள். போகவில்லை. அது உள்பக்கம்.

ரீஸ்டார்ட். ஆவி வந்தது. சிறியதாக.

மறுபடி. இன்னும் சிறியதாக.

கன்னத்தைத் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டு அழுத்தினாள். நாலு நொடி. பொட்டளவு வெளுப்பு. அதுவும் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டிருந்தது.