பெயர் கேட்ட துபாஷி

இந்தச் சரித்திரத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று நாகப்பட்டினத்துக் கடலறிய, காயாரோகணர் கோயில் கொடிமரம் அறியச் சத்தியம் செய்து தொடங்குகிறோம். நடந்தது அத்தனையும் கோடியப்பன் தன் சொந்த வாயால் சொன்னது. அதைக் கேட்டவர் கேட்டபடியே சொல்ல, இப்படி நான்கே வாய் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. ஒரு வாயிலும் உப்புக் கூடவில்லை, ஒரு வாயிலும் புளி குறையவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், கோடையின் நெடிய அந்தி ஒன்றில், அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு ஓரத்துக்கு நம்மோடு வாருங்கள். கம்பளி ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது. வெண்பனி முடி தரித்த மலைகள் கடலுக்குள் காலை நீட்டி அமர்ந்திருக்க, அவற்றின் இடையே வளைந்து உட்புகுந்த உப்பங்கழியின் கரிய நீர்மேல், மறைய மனமில்லாத சூரியனும் பொறுமையிழந்து முன்னதாகவே வந்துவிட்ட நிலவும் ஒன்றையொன்று பார்த்துச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தன. அன்று காலை இறங்கிய மூடுபனியின் மேல் மாலுமி ஒருவன் தன் ஈரச் சட்டையைக் காயப்போட்டு, மாலையில் எடுத்து மடித்துக்கொண்டு போனான். மீன் கூட்டத்தின் நெருக்கத்தில் நங்கூரம் அடியைத் தொட அரை நாழிகை ஆயிற்று. இவற்றை நம்பச் சிரமப்படுகிறவர்கள், உலர்த்தித் திரி கோத்தால் விளக்காக எரியும் கொழுத்த மீன் ஒன்று அக்கரையில் உண்டு என்பதை எப்படி நம்பப் போகிறார்கள்? ஆனால் உண்டு.

அந்தக் கழியில் நின்ற ஸ்பானியக் கப்பலின் பெயர் ‘சாந்தா எங்கிராசியா’. அதன் தலைவர் தோன் பால்தசார் தே ஒர்மாசா, குலப் பெருமை மிக்க பிரபு. ஸ்பெயினில் அவருடைய பரம்பரை மாளிகைக்குக் கூரை கிடையாது. தாமே ஏறிக் கூரை வேய்ந்தால் குலம் கெடும். வேய்கிறவனுக்குக் கூலி கொடுத்தால் பெட்டி கெடும். ஆகவே மூன்று தலைமுறையாக மாளிகைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

அவருக்குச் சொக்கலேட் காய்ச்சித் தருபவன், காலணி துடைப்பவன், கரையில் இறங்கினால் துபாஷியாக மொழிபெயர்ப்பவன் எல்லாம் ஒருவனே. அவன்தான் கோடியப்பன். ஒன்பது வயதில் நாகைக் கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவனை, மணிலா போகும் கப்பலொன்று நண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போயிற்று. அங்கிருந்து அமெரிக்கக் கரையின் அக்கப்புல்கோ துறைமுகம், அங்கே தலையில் தண்ணீர் தெளித்து ‘தியேகோ’ ஆக்கினார்கள். இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த மொழி நாவில் ஒட்டிக்கொள்ளும்.

அவனை அடிமை என்று சொல்லிவிடாதீர்கள். கீழைக்கடல் மக்கள் எவரும் அடிமையாக இருக்கலாகாது என்று ஸ்பானிய மன்னர் நூறாண்டுக்கு முன்பே சட்டம் இயற்றிவிட்டார். ஆகவே அவன் வேலையாள். கூலி மட்டும் கிடையாது. விலகிப் போகும் உரிமை மட்டும் கிடையாது. ஒருமுறை துணிந்து விடுதலைப் பத்திரம் கேட்டான்.

“மடையா, விடுதலைப் பத்திரம் அடிமைக்குத்தானே கொடுக்க முடியும்? நீதான் அடிமையே இல்லையே!” என்றார் தோன் பால்தசார், மிகுந்த அன்போடு.

சென்ற ஆண்டு இதே கரையில் பல்லெல்லாம் ஆடி, ஈறெல்லாம் வீங்கி, எலும்பும் தோலுமாகக் கிடந்தான் கோடியப்பன். எப்படியும் சாகப்போகிறவனுக்கு ரொட்டி எதற்கு என்று அவனைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. இந்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் ஆள் உயிரோடு நிற்கிறான். “என் தியேகோ!” என்று பிரபு கண்கலங்கிக் கட்டித் தழுவிக் கப்பலுக்கு அழைத்துப்போனார். அன்றிரவே காலணி துடைக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒரு பனிக்காலம் முழுவதும் அவனைக் காத்தவர்கள் அக்கரையின் பூர்வகுடிகளான சிம்ஷியர்கள். உண்மையைச் சொன்னால், அவர்களில் ஒருத்தி. இன்னும் உண்மையைச் சொன்னால், அவள் அவர்களில் ஒருத்தியும் அல்லள்.

அந்த அந்தியில் அவள் தனியே ஒரு மரத்தோணியைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு கப்பலின் விலாப்புறம் வந்தாள். சிம்ஷியத் தலைவர் வீட்டிலிருந்து விருந்தாளிகளுக்கு மீன் கொண்டுவந்திருந்தாள். நிலவொளி அவள் கன்னத்தில் விழுந்து, அங்கிருந்து இறங்க மறுத்தது.

“மீனை வாங்கிக்கிறியா, இல்ல என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பியா?”

“வாங்கிக்கிறேன் நெய்க்காரி. அவசரப்பட்டா எப்படி?”

பனிக்காலத்தில் மீன்நெய்யை அவன் வாயில் ஊற்றி, ஊசியிலைக் கஷாயம் புகட்டி உயிர் கொடுத்தவள் என்பதால் அவளை அப்படி அழைப்பான். வேறு பெயர் சொல்லி அழைக்க வழியில்லை. அவள் அடிமை, சிம்ஷியரிடையே அடிமைக்குப் பெயர் கிடையாது. அங்கே நிலம், ஆறு, மீன்துறை எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து பெயர்தான். விருந்து வைத்து, ஊர் கூட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடை கொடுத்துச் சாட்சியாக்கினால்தான் ஒரு பெயர் பெயராகும். பெயரில்லாதவனுக்கு வீடில்லை, மனைவியில்லை. செத்தால் சுமக்க ஆளில்லை.

அவள் மேற்கே உள்ள ஹைதாத் தீவுகளில் ஒரு பெரும் குடியில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் ஒரு சண்டையில் பிடிபட்டாள். இழந்த தன் பெயரை ஒருமுறை அவன் காதோரம் மட்டும் சொன்னாள். ‘அலைமேல் விழும் முதற்பனி’ என்று அதற்குப் பொருள். அப்போதே சத்தியமும் செய்தாள்: “என் பேரு எனக்குத் திரும்பி வர்ற அன்னிக்கு, எங்க வீட்டுப் பேருல ஒண்ணு உனக்கு. அப்புறம் நீ என் புருசன்.” அதைக் கேட்டபோது கோடியப்பனுக்கு ஆடிய பற்களெல்லாம் இறுகின.

மீன்கூடையை நீட்டியவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கி விருந்து. தலைவர் தன் மாமன் பேரைச் சூடுறாரு. அந்தக் கல்தடியைத் தேச்சுக் கழுவி வச்சிருக்காங்க.”

அந்தத் தடி எதற்கென்று கோடியப்பனுக்குத் தெரியும். பெரும் விருந்தில் தலைவர் தம் செல்வத்தைத் துச்சமெனக் காட்ட வேண்டும். அதற்குச் சில வேளை அடிமையை விடுதலை செய்வார்கள். சில வேளை அந்தக் கல்தடியால் உச்சந்தலையில் ஒரே அடி. இரண்டும் ஒரே கணக்குத்தான். பொருள் கையைவிட்டுப் போக வேண்டும். முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க. அன்று காலைதான் கப்பலில் ரொட்டித் துண்டு திருடிய மாலுமியொருவன் கசையடியில் செத்தான். அவனைக் கடலில் இறக்கும்போது பாதிரியார் வெகு அழகாக ஜெபம் சொன்னார். சிம்ஷியத் தலைவர் கொடுத்துக் கொடுத்துப் பெரியவரானார். ஸ்பானியப் பிரபு பூட்டிப் பூட்டிப் பெரியவரானார். வாசலோரம் படுத்தவருக்கு இரண்டு வீட்டிலும் ஒரே குளிர்.

“எப்போ அடிப்பாங்க, எப்போ விடுவாங்க?” என்றான்.

“விருந்தாளி கை எவ்வளவு பெருசோ அதைப் பொறுத்தது. பொருளைக் குடுத்தா பொருளை அழிப்பாரு. உசிரையே தூக்கிக் குடுத்தான்னா, அதைவிடப் பெருசா ஒண்ணு செய்யணும். கொல்றது யாருக்கும் முடியும். விடுறதுதான் பெருசு.” துடுப்பை எடுத்தாள். “உன் எசமான் எதைக் குடுப்பாரு?”

“கண்ணாடி மணி” என்றான் கோடியப்பன். பிறகு வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் பிற்பகல். தேவதாருப் பலகைகளால் ஆன சிம்ஷியத் தலைவர் மாளிகையின் முகப்பில் எழுதியிருந்த திமிங்கிலத்தின் வாய்தான் வாசல். அதற்குள் குனிந்து நுழைந்தார் தோன் பால்தசார், உடைவாளும் இறகுத் தொப்பியுமாக. அவருக்குப் பின்னால் பெர்மின் என்ற எழுத்தர், மைக்கூட்டோடு. உள்ளே பெருந்தீயைச் சுற்றி வரிசை வரிசையாகப் பிரபுக்கள். எவர் எங்கே அமர்வது என்பதில் மயிரிழை பிசகில்லை. மேல்வரிசையில் ஹைதாத் தீவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். அவர் நெய்க்காரியின் தாய்மாமன். நான்கு விருந்துகளில் இதே இடத்தில் அமர்ந்தவர். தண்ணீர் கொண்டுவந்தவளை ஒருமுறையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்தால் மீட்க வேண்டும். மீட்டால் குடியின் அவமானத்தைக் கழுவ விருந்து வைக்க வேண்டும். ஆகவே தண்ணீர் மட்டும் குடித்தார்.

தலைவர் எழுந்தார். தோளில் நெய்த போர்வை, தலையில் கடற்சிங்க மீசை பொதிந்த கிரீடம், அதிலிருந்து உதிர்ந்த வெண்ணிறத் தூவிகள் சமாதானத்தின் அடையாளமாகச் சபையெங்கும் மிதந்தன.

“இந்தக் கழி, இந்த மலை, இதில் இறங்கும் மூன்று ஆறுகள் யாவும் என் மாமனுடையவை. இன்று முதல் அவர் பெயரோடு என்னுடையவை. கேட்டவர்கள் கொடை பெற்றுச் சாட்சியாக எழுங்கள்!”

தோன் பால்தசாரின் காலடியில் கடல்நீர்நாய்த் தோல்கள் முழங்காலளவு குவிந்தன. கோடியப்பன் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தான்.

“கப்பம் கட்டுகிறார்! பெர்மின், எழுதும்!” என்றார் பிரபு. பின் தாமும் எழுந்து, அக்கடலும் அக்கரையும் அன்று முதல் தம் மன்னருடையவை என்ற பிரகடனத்தை வாசிக்கச் செய்தார்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். “அழகாக இருக்கிறது. இதைக் கேட்டதற்கு எங்களுக்கு என்ன தருகிறார்?”

கண்ணாடி மணிகளும் ஒரு கைக்கண்ணாடியும் வெளிவந்தன. தலைவர் கண்ணாடியில் முகம் பார்த்து, அதை வாசலோரம் நின்ற ஓர் அடிமையிடம் எறிந்தார்.

“அப்படியானால் யாரும் கேட்கவில்லை.”

மாளிகையே சிரித்தது. ஹைதாப் பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அதே வேளையில் பின்னாலிருந்து ஒருவன் அந்தக் கல்தடியை ஏந்தி வந்தான். நெய்க்காரியைத் தீயருகே நிறுத்தினார்கள். அவள் முகத்தில் சலனமில்லை.

“ஏன் சிரிக்கிறார்கள், தியேகோ?”

இந்தக் கணத்துக்காகத்தான் கோடியப்பன் விடிய விடிய விழித்திருந்தான்.

“தங்கள் குலம் வறண்ட குலம் என்கிறார்கள், பிரபுவே. கொடுக்கக் கையில்லாதவர் என்கிறார்கள். உயிருள்ள ஆளைக் கொடுப்பவரே இங்கே பிரபு. தங்கள் மாளிகைக்குக் கூரை இருக்கிறதா என்றும் ஒருவர் கேட்கிறார்.”

கடைசி வாக்கியம் மட்டும் மொழிபெயர்ப்பு அல்ல. பிரபுவின் முகம் அடுப்புக்கல்லாயிற்று.

“இதோ! இவனைக் கொடுத்தேன்!” என்று கோடியப்பனின் பிடரியைப் பிடித்து முன்னே தள்ளினார்.

“ஐயா, சட்டப்படி இவன் அடிமையல்லவே?” என்று முணுமுணுத்தார் பெர்மின்.

“அடிமையைக் கொடுப்பது எவனுக்கும் முடியும். அடிமையில்லாதவனையே கொடுக்கிறேன், அதுவல்லவா கொடை!”

தன்னைக் கொடுத்த செய்தியைத் தானே மொழிபெயர்த்தான் கோடியப்பன். சபை அடங்கியது. தலைவர் கல்தடியைக் கையில் வாங்கினார். அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தீயில் ஒரு கட்டை வெடித்தது.

“அவர் ஒருவனைக் கொடுத்தார். நான் இரண்டு பேரை வேண்டாம் என்று எறிகிறேன். இருவரும் போகலாம். இந்தத் தடியும் விருந்தாளிக்கே. அவர் கப்பலில் பயன்படும்.”

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண் தெரியாதிருந்த ஹைதாப் பெரியவருக்கு அக்கணமே பார்வை வந்துவிட்டது. “என் அக்காள் மகளே!” என்று கதறி ஓடிவந்தார். தம் போர்வையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தி, சபை நடுவே அவளை நிறுத்தி, முழங்கும் குரலில் மும்முறை அழைத்தார்: “அலைமேல் விழும் முதற்பனி! அலைமேல் விழும் முதற்பனி! அலைமேல் விழும் முதற்பனி!” பிரபுக்கள் எழுந்தார்கள். தண்ணீர் சுமந்தவள் பெரும் குடியின் மகளானாள்.

அவள் தலை நிமிர்ந்தது. பனிக்காலம் முழுதும் அவளைக் குனிந்த தலையோடே பார்த்திருந்த கோடியப்பனுக்கு அந்தக் கழுத்து அவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. தீக்கு இப்புறம் அவன் காத்து நின்றான், இன்னும் பெயரில்லாமல். அவனுக்குப் பெயர் தரக்கூடியவள் அந்தச் சபையில் அவள் ஒருத்தியே. ஒரு சொல் போதும்.

மாமன் அவனைச் சுட்டிக் கேட்டார்: “உன்னோடு எறியப்பட்ட அவன் யார், மகளே? தெரிந்தவனா?”

அவள் பார்த்தாள். நெய் ஊற்றிய கை போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

“யாரோ. கப்பல்ல வந்தவன்.”

போர்வைகளின் சலசலப்போடு அவர்கள் மேல்வரிசைக்கு நடந்தார்கள்.

“என்னவோ சொன்னாளே? உன்னைப் பற்றியா?” என்றார் தோன் பால்தசார், கல்தடியைத் திருப்பித் திருப்பி ரசித்தபடி.

துபாஷி தன் கடமையைச் செய்தான்.

“யாரோ என்கிறாள், பிரபுவே. கப்பலில் வந்தவன் என்கிறாள்.”

“சரியாகத்தானே சொன்னாள்! ஆக, இப்போது நீ யாருக்கும் சொந்தமில்லை. நல்லதாயிற்று, கப்பலுக்கு வா. சொக்கலேட் காய்ச்ச ஆளில்லை.”

வெளியே கழியின்மேல் நிலவு வந்திருந்தது, வழக்கம்போல் முன்னதாகவே. கோடியப்பன் நீர்விளிம்பில் மண்டியிட்டான். ஒரு கை உப்புநீரை அள்ளினான். பத்தொன்பது ஆண்டுகளாக வாய்க்கு வராத தாய்மொழி அப்போது வந்தது.

“கடலாத்தா, நீ சாட்சி. எல்லாருடைய பேச்சையும் சுமந்த இந்த நாக்கு எனக்குன்னு ஒரு பேரக் கொண்டுவரல. இனிமே இது எந்தப் பாஷையிலயும், எவங்கிட்டயும், ஒரு சொல்லும் பேசாது. சத்தியம்!”

நீரைக் கடலிலேயே ஊற்றிவிட்டுப் படகில் ஏறினான்.

அதன்பின் நாற்பத்தொரு ஆண்டுகள் உயிரோடிருந்த கோடியப்பன், அந்தச் சத்தியத்தை ஒருமுறையும் மீறவில்லை.