மேல்வீட்டுப் பாட்டும் தும்புத்தடியும்

டொக், டொக், டொக்.

அம்மா வீடு கூட்டும் தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்து, தலைக்கு மேலே முகட்டை இடித்தார். மேலே பாட்டு நின்றது.

"தபசு காலத்தில உவளுக்கு என்ன பாட்டு?"

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் அம்மாவின் வீட்டில் பாட்டுக் கிடையாது. ஆண்டவரை நினைத்துப் புலம்பலாம், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்றில் குடியேறிய பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. போன ஐப்பசியில் ஊரிலே தன் தம்பி பஸ்ரியன் செத்த செய்தி வந்தபோது, அழ நேரமில்லை என்று வேலைக்குப் போனவர் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் செரீனா, மேலே வாடகைக்கு இருக்கும் மேவைக் கண்டாள். அயர்லாந்துக்காரி. பனி கிடந்த வாசற்படியில் பெட்டியோடு இருந்தாள்.

"எங்கே போகிறீர்கள்?" செரீனா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஊருக்கு. அடிக்கிற அப்பாவிடம். நாளைக்குக் கோப்பிக் கடையில் பாட வேண்டியவள் நான். போன முறை கேட்க வந்தவர்கள் கூச்சல் போட்டு நிறுத்தினார்கள். இங்கே நீங்களும் இடிக்கிறீர்கள். என் குரல் அவ்வளவு கேவலம்."

"குரலுக்காக இல்லை. தபசு காலம்."

"எங்களுக்கும்தான் தபசு காலம். நான் விரதத்துக்குச் சாக்லேட்டை மட்டும்தான் விட்டேன்."

செரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. மேவுக்கு வரவில்லை.

"அது என்ன பாட்டு?"

"செத்துப்போன என் அம்மாவுக்கு. அழுதால் அப்பா அடிப்பார். அதனால் பாடினேன்."

செரீனா யோசித்தாள்.

"இன்னும் ஒரு தடவை பாடுங்கள். இடி கேட்டால் போங்கள்."

கீழே ஓடினாள். மேலே பாட்டுத் தொடங்கியது. அம்மா தும்புத்தடியைத் தூக்கினார்.

"அம்மா, அது ஒப்பாரி! செத்த தாய்க்குப் பாடுறா."

"வெள்ளைக்காரர் ஒப்பாரி வைக்கிறவையோ? விசர்க் கதை."

"கேட்டுப் பாருங்கோ."

தடி பாதியில் நின்றது. அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் தடியைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ரை ராசா… பஸ்ரியா…"

அம்மா அப்படி அழுது செரீனா கண்டதில்லை. பயந்துபோய் அவர் மடியில் ஒட்டிக்கொண்டாள்.

மேலே பாட்டு நிற்கவில்லை.

மறுநாள் கோப்பிக் கடையில் கொஞ்சப் பேர்தான். அதிலும் சிலர் எழுந்து போனார்கள். மேவ் முழுப் பாட்டையும் பாடினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

தும்புத்தடி அதற்குப் பிறகு நிலத்தை மட்டும்தான் கூட்டியது.