வெளித்தாழ்ப்பாள்

காலை எட்டு மணிக்கு, அச்சகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தேன். சிவகாசியில் அந்த ஒற்றை அறைக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பகலில் தூங்கியாக வேண்டும். ஆனால் எங்காவது ஒரு கம்பெனியில் சாம்பிள் வெடி போடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் தங்கை மாரிசெல்வி இன்னொரு முறை செத்தாள்.

மிஷின்மேன் மகேஷ்குமார்தான் தன் ஹெட்போனைக் கொடுத்தான்.

"மாட்டிக்கிட்டுப் படுங்கக்கா. வெளிச்சத்தம் அம்புட்டையும் அமுக்கிரும். எம் பொண்டாட்டி வையிறதே கேக்க மாட்டேங்கு, பாத்துக்கோங்க."

கதவை உள்ளே தாழிட்டுப் படுத்தேன். ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி, வேன் ஹாரன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் அணைந்தன. தண்ணீருக்குள் முங்கியதுபோல் இருந்தது.

பிறகு தட்டல் கேட்டது.

உள்ளங்கையால் இரும்புக் கதவை அடிக்கும் சத்தம்.

அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். போன ஆடியில், பட்டாசுக் கம்பெனியில். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் பத்துப் பேர் வேலை பார்த்தோம். சோதனைக்கு ஜீப் வருகிறது என்றதும் ஃபோர்மேன் அய்யாதுரை ஆறு பேரைப் பின்னாலிருந்த காலி அறைக்குள் அனுப்பினார். "ஏத்தா, வெளிய தாப்பாளைப் போடு. ஜீப்பு போகவும் தொறந்துக்கிடலாம்" என்றார் என்னிடம்.

உள்ளேயிருந்து வெள்ளிப் பவுடர் அப்பிய கையை ஆட்டிச் சிரித்தாள் மாரி. "எக்கா, மறந்துபோய் வீட்டுக்குப் போயிராத!"

நான்தான் போட்டேன்.

ஜீப் போவதற்குள் மருந்து தீப்பிடித்தது. அங்கே செருப்புக்கு அனுமதியில்லை. வெறுங்காலோடு வாசலைப் பார்த்து ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டல்.

ஹெட்போனைக் கழற்றினேன். விசிறியும் டிவியும் திரும்பி வந்தன. தட்டல் இல்லை.

மாட்டினேன்.

தட்டல். இப்போது பக்கத்தில்.

"எக்கா."

அறையில் கந்தக வாடை. எழுந்து ஓடி, உள்தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தேன்.

வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளங்கையால் அடித்தேன். நான் அடிப்பதே எனக்குக் கேட்கவில்லை. யாரோ வெறுங்காலில் ஓடிப்போவது மட்டும் கேட்டது.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் வந்து திறக்கும்போது மணி மூன்று.

"எம்புட்டு நேரமா உள்ள கெடக்கீக? யாரு இந்தச் சேட்டை பண்ணது?"

வெளித்தாழ்ப்பாளில் ஐந்து விரல் தடங்கள். வெள்ளி நிறத்தில்.

மறுநாளே ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசாரியை அழைத்து வெளித்தாழ்ப்பாளை அடியோடு கழற்றச் சொன்னேன். அந்த இடத்தில் இப்போது நாலு ஆணித் துளைகள்தான் இருக்கின்றன.

இன்றும் கதவு திறக்கவில்லை. கை ஓயும்வரை தட்டிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவின் அடி இடுக்கில் இரண்டு வெறுங்கால்கள் தெரிகின்றன.

இன்னும் ஓடவில்லை.