நான்காவது ஆள்

பிளாஸ்டிக் சட்டத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர்தான் இருந்திருக்க வேண்டும்.

தமாயே உருப்பெருக்கி விளக்கை அருகே இழுத்து இன்னொரு முறை எண்ணினாள். பொம்மை டாங்கிப் பெட்டியின் மேல்படத்தில் மூன்று பேர், செய்முறைத் தாளில் மூன்று பேர். போர்க்காலத்தில் அந்தச் சின்ன டாங்கிக்குள் உண்மையிலேயே உட்கார்ந்து போனவர்களும் மூன்றே பேர். நான்காவதாக ஒருவன் ஏறினால் மூச்சுவிடக்கூட இடம் இருந்திருக்காது. ஆனால் பாகங்கள் ஒட்டியிருக்கும் அந்தச் சாம்பல் நிறச் சட்டத்தின் ஓரத்தில், எண் எதுவும் போடாமல், தலையும் உடலும் கைகால்களும் தனித்தனித் துண்டுகளாக இன்னொரு ஆள் தொங்கிக்கொண்டிருந்தான். சீருடை இல்லை. தோல் தொப்பி இல்லை. வேலைக்குப் போகிறவன் போடுகிற சாதாரணச் சட்டை.

வெளியே ஜூன் மாத மழை கார் கொட்டகையின் தகரத்தில் ஒரே சீராகக் கொட்டியது. ஜப்பானின் ஷிஜுவோகாவில் அந்த மாதத்தில் எதுவும் காயாது, துணியும் காயாது, பெயின்டும் காயாது. பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த விரல்கள் தமாயேவுடையவை. ஒரு கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு இழைத்துவிடுவாள். டாங்கிப் பொம்மை செய்கிறவர்களின் சங்கத்து ஆண்கள் முதலில் சிரித்தார்கள். அவள் நாற்பது டாங்கிகள் செய்து முடித்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

சங்கத்தில் மூத்தவரான சகிசாகாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தச் சின்ன டாங்கிப் பெட்டி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குல்ல? அதுல ஆளு எத்தனைன்னு பாருங்க."

அட்டைப்பெட்டி பிரிபடும் சத்தம் கேட்டது. "மூணு. ஏம்மா, உனக்கு மட்டும் ஒரு மாப்பிள்ளையைச் சேர்த்து அனுப்பியிருக்கானா?"

"இருக்கிற மாப்பிள்ளையே போதும்ணே."

சிரித்தபடி போனை வைத்தாள். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. நான்காவது ஆளைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து ஒட்டினாள். தலையைக் கழுத்தில் பொருத்தி, விளக்குக்குக் கீழே திருப்பினாள். இடது காதின் நுனி கொஞ்சம் காணவில்லை. அச்சு தேய்ந்து போன குறை அல்ல அது. யாரோ வேண்டுமென்றே செதுக்கிய பல் தடம்.

அவளுடைய கணவர் ரோக்குரோவின் இடது காதை ஆறு வயதில் ஒரு நாய் கடித்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். உங்களை வச்சு பொம்மை செஞ்சிருக்காங்க."

தேயிலை ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் ரோக்குரோ. சட்டையில் ஆவியில் வெந்த பச்சை இலையின் வாசனை. எதைக் காட்டினாலும் கேலி பேசுகிற மனிதர். குனிந்து நெடுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"என்னிக்குக் கிளம்பணும்னு போட்டிருக்கா?"

"எங்க கிளம்பணும்?"

அவர் முழித்தார். கேட்டது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்ததுபோல இருந்தது. "தெரியலையே," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை மாலை, பொம்மையின் கழுத்தில் அச்சின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் மெல்லிய கோடாகத் துருத்திக்கொண்டிருந்ததைத் தமாயே கத்தியால் வழித்தாள். பழக்கம். எந்தப் பொம்மைக்கும் முதலில் செய்கிற வேலை. கத்தி ஒருமுறை இறங்கியது. மாடியில் ரோக்குரோ கத்தினார்.

ஓடினாள். அவர் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். காதுக்குக் கீழிருந்து தோள்வரை ஒரு கோடு. ரத்தம் இல்லை. சட்டைக் காலரில் சாம்பல் நிறத் தூள்.

"ஒண்ணுமில்ல, சேவிங் பண்ணும்போது," என்றார். அவர் கையில் ரேசர் இல்லை.

இரவு உணவுக்குச் சுட்ட கானாங்கெளுத்தி மீனை அவர் தொடவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். "நாளைக்குச் சிவப்புப் பயறு சோறு பண்ணு," என்றார்.

"என்ன விசேஷம்?"

நல்ல காரியத்துக்கும், அந்தக் காலத்தில் போருக்கு ஆளை அனுப்பவும் பொங்குகிற சோறு அது. அவர் மேலிருந்து தேயிலை வாசனை போய்விட்டிருந்தது. கருகிய எண்ணெய், ஈர மண், வேறு ஏதோ.

தமாயே பயறு ஊறவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியமே வீடு இருண்டு கிடந்தது. வீட்டுப் பூசை மாடத்தில் ஊதுவத்தி ஏற்றப் போனவள் புதிதாக ஒரு காகித உறையைக் கண்டாள். மேலே அவள் பெயர், அவர் கையெழுத்தில். உள்ளே பத்து நகத் துண்டுகள். ஒரு கொத்து நரைத்த முடி.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதே மாடத்தின் அறையில், பழுப்பேறிய உறை ஒன்று எண்பது வருடமாக இருக்கிறது. ரோக்குரோவின் பெரியப்பா போருக்குப் போகும்முன் வெட்டி வைத்தது. ஆள் வரவில்லை, எலும்புகூட வரவில்லை. நகமும் முடியும்தான் கல்லறைக்குப் பாதியும் வீட்டுக்குப் பாதியுமாகப் போயின. அவரை இந்த வீட்டு வாசலில் நின்றுதான் தெருவே கொடியசைத்து அனுப்பியது. அவர் மனைவியும் அசைத்தாளாம். அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம்.

தமாயே உறையைக் கிழித்தாள். உள்ளே இருந்ததைக் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

வேலை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான்காவது ஆளைப் பஞ்சில் சுற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அவனை உடைக்க முடியாது, எரிக்க முடியாது. கத்தி பட்டதற்கே என்ன ஆனது என்று பார்த்தாயிற்று. ஆனால் ஒட்டி முடித்த டாங்கி இருந்தது. உள்ளே அவள் கையாலேயே உட்காரவைத்த மூவரும் இருந்தார்கள். கோபுரத்தின் மூடி திறந்திருந்தது. நேற்று அதைப் பசை வைத்து மூடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"கேட்டுக்கோங்கடா," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இது என் மேசை. இது என் வீடு. ஒரு ஆளை ஏற்கெனவே வாங்கிட்டுப் போயிட்டீங்க. இன்னொருத்தரைத் தரமாட்டேன். கொடி அசைக்கிற பொம்பளை நான் இல்ல."

பொம்மைக் காட்சிகளில் குட்டை, ஆறு செய்யப் பயன்படும் தெளிந்த பிசின் பாட்டிலை எடுத்தாள். மூடித் துளையில் சாய்த்தாள். பிசின் தேன்போல இறங்கியது.

டொக்.

உள்ளிருந்து. நகத்தால் தட்டுவதுபோல.

டொக். டொக் டொக்.

"தட்டுங்க. நல்லா தட்டுங்க."

பாட்டில் காலியாகும்வரை ஊற்றினாள். தட்டல் வேகமானது. பிறகு மெதுவானது. நின்றது. துளைவரை நிரம்பிய பிசின் விளக்கொளியில் பளபளத்தது. தமாயே மூச்சு விட்டாள்.

வாசல் கதவு நகரும் சத்தம் கேட்டது.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

மரியாதையான குரல். தமாயே நடைக்கு வந்தாள்.

வாசலில் மூன்று பேர். தோல் தொப்பி, தூசிக்கண்ணாடி. காற்றடித்தது, சீருடையின் மடிப்புகள் அசையவில்லை. மழைநீர் அவர்கள்மேல் ஓடியது, நனைக்கவில்லை. தலையிலிருந்து தோள்வரை கண்ணாடிபோல ஏதோ வழிந்து பாதியில் உறைந்திருந்தது. கண்கள் இருக்குமிடம் வெறும் சாம்பல். அவள் இன்னும் வரையவில்லை.

மூவரும் ஒரே கோணத்தில் குனிந்தார்கள்.

"வாழ்த்துகள், அம்மா. உங்க வீட்டுக்காரரை அழைச்சிட்டுப் போக வந்திருக்கோம்."

வாசற்படியின் குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

"வாழ்த்தைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க. ஆள் கிடையாது."

அவர்கள் நிமிரவில்லை. காத்திருந்தார்கள்.

பின்னால் மாடிப்படி முனகியது. ரோக்குரோ இறங்கி வந்தார். சாதாரணச் சட்டை. தோளில் துணிமூட்டை. அவளைச் சுற்றிக்கொண்டு போய், டாங்கியில் ஏறுகிறவர்போல ஒரு காலைத் தூக்கினார்.

"தமாயே, போயிட்டு வரேன்."

"போகக்கூடாது!"

அவர் வலது கையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

டிக்.

கை வந்துவிட்டது. தோளோடு. சட்டையோடு. ரத்தம் இல்லை. பிரிந்த இடம் தட்டையாக, வழவழப்பாக, நடுவில் வட்டமாக ஒரு சிறு துளை. அவள் மார்போடு கிடந்த அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது. விரல்கள் அவள் விரல்களைப் பிடித்தன.

ரோக்குரோ திரும்பவில்லை. அடுத்த காலையும் தூக்கினார்.

தமாயே கையைக் கீழே போட்டாள். பாய்ந்தாள். பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கன்னத்தை முதுகில் அழுத்தினாள். பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி.

"தரமாட்டேன்."

மூவரும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அவள் கால்கள் தரையில் வழுக்கின. அவள் கைகளுக்குள், இடுப்பைச் சுற்றி, மயிரிழை அளவுக்கு ஒரு கோடு திறப்பதை விரல்களால் உணர்ந்தாள்.

இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.