விழாத நம்பர்

ட்ரிங்... ட்ரிங்...!

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் அலறியது.

ஆபரேட்டர் எடுத்தாள். படபடவென்று பேசுவதால் அங்கே அவளுக்குப் பெயர் மைனா.

மறுமுனையில் ஒரு பெண் குரல் திணறியது. "பால் குடிச்சேன்... கசந்துச்சு... தொண்டை எரியுது... பதினேழு, ஸ்டேஷன் பின் தெரு..."

ரிசீவர் விழும் சத்தம். அப்புறம்... வெறும் மூச்சு!

மைனா விலாசத்தைத் தட்டி, 'சேமி'யை அழுத்தினாள்.

திரையில் சிவப்பு எழுத்து.

'இந்தக் கேஸ் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது.'

மறுபடி மறுபடி அழுத்தினாள். அதே சிவப்பு!

கேஸ் நம்பரை அவள் போடுவதில்லை. கம்ப்யூட்டரே ஒவ்வொன்றாகக் கூட்டிப் போடும். அது விழுந்தால்தான் வண்டிச் சாவி இருக்கும் இரும்புப் பெட்டி திறக்கும். போன வாரம் மேனேஜர் போட்ட புதுச் சட்டம்!

"அண்ணா! ஓடி வா!"

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அவள் அண்ணன் அடுத்த அறையிலிருந்து பாய்ந்து வந்தான். அவளைத் தள்ளிவிட்டுக் கீபோர்டைப் பிடுங்கினான்.

"எத்தனை தடவை அழுத்தினே?"

"விரல் தேயற அளவுக்கு!"

"உள்ளே ஒரு கவுண்டர் இருக்கு, டோக்கன் மெஷின் மாதிரி. கிழிச்ச டோக்கனைத் திரும்ப வாங்காது. நீ சேமிச்சாலும் சேமிக்காட்டாலும் அந்த நம்பர் போனது போனதுதான். யாரோ கையால நம்பர் போட்டுக் கேஸை நுழைச்சிருக்காங்க. அது கவுண்டருக்குத் தெரியாது. பாவம், அது பாட்டுக்கு அடுத்த நம்பரை நீட்டுது. அங்கே ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கு!"

"பாடத்தை அப்புறம் நடத்து! அங்கே ஒரு உயிர் போயிட்டிருக்கு! அழுத்திக்கிட்டே இருந்தா தாண்டிடாதா?"

"தாண்டும். ஆனா ஆயிரக்கணக்குல அடைச்சு வெச்சிருக்கான்!"

மைனா வெளியே எட்டிப் பார்த்தாள். வாசலில் வண்டி. வண்டியில் டிரைவர். நடுவில் ஒரு பெட்டி. என்ன செய்ய?

போனில் மூச்சு தேய்ந்துகொண்டே வந்தது...

"பதறாதீங்கம்மா."

பின்னால் மேனேஜர்!

"பக்கத்து சென்டருக்குச் சொல்லுங்க. எப்படியும் லேட்டுதான். மூணாவது மாடி, லிஃப்ட் வேற கிடையாது..."

மைனா மெல்லத் திரும்பினாள்.

போனில் பேசியவள் மாடியைச் சொல்லவேயில்லையே!

"இப்ப அழுத்து!" அண்ணன் கத்தினான்.

அழுத்தினாள்.

பச்சை!

'க்ளிக்!' பெட்டி திறந்தது. டிரைவர் சாவியோடு பறந்தார்.

மேனேஜரும் நழுவப் பார்த்தார். வாசலில் மைனா!

"உயிர் இருக்கு! பிழைச்சுக்குவாங்க!" சற்று நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. "ஆனா... சுவத்துல மாட்டின கல்யாண போட்டோல நம்ம மேனேஜர்!"

அண்ணன் திரையை மேனேஜர் பக்கம் திருப்பினான். கையால் நுழைத்த கேஸ் எல்லாம் அவர் பெயரில்!

"பழைய கேஸைத்தான் காப்பி பண்ணினேன்... தெரியாம நடந்த தப்பு..."

"பழைய கேஸ்னா பழைய நம்பர்ல இருக்கணும் சார். உங்க லாகின்ல ஏறினதெல்லாம் இனிமே வரப்போற நம்பர்!" என்றான் அண்ணன்.

மைனா கூப்பிட்ட போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"எப்படிடா... சரி பண்ணினே?" மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"கேஸ் பட்டியல்ல இருக்கிறதுலயே பெரிய நம்பரைத் தேடினேன். கவுண்டரை அங்கே நகர்த்தினேன். அடுத்த நம்பர் தானா அதுக்கு மேல விழுந்துச்சு. ஒரே வரி கட்டளை சார்!"

மைனா கதவைத் திறந்துவிட்டாள்.

"ஜெயில்லயும் ஒரு நம்பர் தருவாங்க சார்... அதையாவது கையால மாத்தாம இருங்க!"